பலா மரத்தடியில் தலைமையாசிரியை

அய்யம்பாளையம்
20.8.2006

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் நீங்கள் போட்ட சத்தத்தைக் கேட்ட யாரும் உங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நல்ல பலம். போனில் பேசலாம்தான். ஆனால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே இருக்கும், என்றைக்காவது எடுத்துப் படிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மதினி இலை போட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்து வந்தது தப்பு. அதை மதினியிடம் சொல்லிவிடுங்கள். உங்களிடம் சொல்வதற்கு அந்த மாதிரி ஒன்றும் இல்லை.

நீங்கள் பேப்பரில் படத்தைப் பார்த்தீர்கள். "மாணவர்களோடு தண்டனை அனுபவித்த தலைமையாசிரியை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். காப்பி விலை விசாரிக்க மலைக்கு வந்த நிருபர் போகிற போக்கில் எடுத்த படம் அது. தலையில் கைப்பையோடு நான் நிற்கிறேன், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள். "அடிவாரத்துல நான் தலை நிமிந்து நடக்க முடியுதா?" என்று கேட்டீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காததை நானே சொல்கிறேன்.

பெரும்பாறைக்கு மேலே இருக்கிற கல்லுமேட்டுப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையாகப் போனது இந்த ஜூனில். பிள்ளைகளில் பாதிக்கு மேல் எஸ்டேட் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பிந்தி வருகிற பிள்ளை வாசலில் இருக்கிற பலா மரத்தடியில், புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, முதல் பீரியடு முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். சேனாதிபதி சார் பல வருஷத்துக்கு முன்னால் போட்ட சட்டம். அவர்தான் அங்கே மூத்த வாத்தியார், வத்தலக்குண்டிலிருந்து வருகிறவர். நாங்கள் எல்லாரும் வருவது ஒரே பஸ். அது மலையேறி வந்து சேர்வதற்குள் பாதி நாள் முதல் மணி அடித்து முடிந்திருக்கும். இறங்குவோம், பையைத் தலையில் வைத்து நிற்கிற பிள்ளைகளைத் தாண்டி, எங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போவோம். ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வகுப்பு.

ஜூலையில் ஒருநாள் வளைவில் ஒரு வாழைத்தார் லாரி குறுக்கே நின்று, பஸ் ரொம்பவே பிந்திவிட்டது. மரத்தடியில் எட்டாம் வகுப்புத் தேவகுமாரி நின்றாள். பள்ளி மாணவத் தலைவி அவள்தான். நான் வருவதைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கி, "வணக்கம் டீச்சர்" என்றாள். கும்பிட முடியவில்லை, இரண்டு கையும் பையைப் பிடித்திருந்தன. நான் நாலு எட்டு உள்ளே போனேன். பிறகு திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்று என் பையைத் தலையில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. உள்ளே சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. புளிக்குழம்பு வழிந்து நெற்றியில் இறங்கியது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் பஸ் பிந்திய ஒவ்வொரு நாளும் நின்றேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அலுவலகத்திலிருந்து மெமோ வந்திருக்கிறது. தலைமையாசிரியர் பதவியின் மாண்பைக் குறைத்துவிட்டேனாம். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. கொடுக்காவிட்டால் விசாரணை, அதற்குப் பிறகு இந்தப் பள்ளியை விட்டு மாற்றல். எழுதிக் கொடுக்கப் போவதில்லை. இதை மற்றவர்கள் வாய்வழியாக நீங்கள் கேட்க வேண்டாம் என்றுதான் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

தமயந்தி


பழனி
27.8.2006

அன்புத் தங்கை தமயந்திக்கு, அண்ணன் ராஜமுருகன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தேன். பாதியில் வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

நடந்ததைக் கேட்கவில்லை என்கிறாய். சரி, இப்போது கேட்டாயிற்று. கேட்ட பிறகும் என் கருத்து மாறவில்லை. தண்டனை தவறு என்று உனக்குத் தோன்றினால், தலைமையாசிரியை நீதானே? ஒரு சுற்றறிக்கை எழுதி அந்த வழக்கத்தை நிறுத்தியிருக்கலாம். அது நிர்வாகம். நீ செய்தது நாடகம்.

உன் மதினி விசாலாட்சி இதைப் படித்துவிட்டுப் புளிக்குழம்பு இடத்தில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நம் அப்பா அடிவாரத்தில் கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்தர்கள் பின்னால் ஓடியது உனக்கு நினைவிருக்கும். நேற்று மீசை முளைத்தவன்கூட அவரை "டேய்" என்றுதான் கூப்பிடுவான். நம் இருவரையும் அதே அடிவாரத்தில் "சார்" என்றும் "டீச்சர்" என்றும் கூப்பிட வைத்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். அந்த மரியாதை தானாக வந்ததில்லை. அதை நீ கூலிக்காரர் பிள்ளைகளோடு மரத்தடியில் இறக்கி வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் என்று நினைத்தாய். அது வயிற்றெரிச்சல்.

ஒழுங்கு என்றால் என்ன என்று எங்கள் பள்ளியில் வந்து பார். தாளாளர் இராமலிங்கம் ஐயா வந்து மேடையேறிய பிறகுதான் காலை வழிபாடு தொடங்கும். வெள்ளிக்கிழமைகளில் அவர் மலைக்குப் போய்த் தரிசனம் முடித்து வருவார், சில வாரம் நேரமாகிவிடும். மைதானம் நிறையப் பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள். ஒரு சத்தம் கேட்காது. பெரியவர்களுக்கு எப்படி மரியாதை கொடுப்பது என்று அவர்கள் தினமும் கற்றுக்கொள்கிறார்கள். இது இருபத்தைந்து வருஷத் தலைமையாசிரியர் வேலையில் நான் கட்டிக் காத்தது.

மெமோவுக்கு அவசரப்பட்டுப் பதில் எழுதாதே. எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ராஜமுருகன்


அய்யம்பாளையம்
10.9.2006

அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளை தேங்காய் வெட்டுக்குப் போயிருக்கிறார். நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "ஒங்க ரெண்டு பேரு சண்டையில என்னய இழுக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுற்றறிக்கை எழுதி நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். எப்போது நிறுத்துவது? நான் சீக்கிரம் வந்த நாளில் அது எனக்கு உறைக்கவே இல்லை. பிந்தி வந்த நாளில்தான் உறைத்தது. அன்றைக்கே நிறுத்தியிருந்தால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? டீச்சர் மாட்டிக்கொண்டதும் சட்டமே போய்விட்டது என்றுதானே? நான் ஏட்டில் எழுதிப் போடுகிற பாடத்தைவிட இது அவர்களுக்கு வெரசாப் புரியும். முதலில் நின்றுவிட்டு, நிற்பது என்ன என்று தெரிந்த பிறகு நிறுத்துகிறேன். அது என் உரிமை.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அழுதேன், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பாவை "டேய்" என்று கூப்பிட்டவர்களில் ஒருத்தராவது மரத்தடியில் பையைச் சுமந்து நின்ற ஆளாக இருந்திருப்பாரா? எல்லாருமே யாரையோ நிற்க வைத்துப் பழகினவர்கள். நீங்கள் மரியாதையை எந்தப் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வெள்ளிக்கிழமை வழிபாட்டை இரண்டு தடவை படித்தேன். அங்கே பிந்தி வந்தது யார், நிற்பது யார்? என் பள்ளியில் பிந்தியவர்கள் நிற்கிறார்கள். உங்கள் பள்ளியில் நேரத்துக்கு வந்தவர்கள் நிற்கிறார்கள். இதில் எது நாடகம் என்று மதினியைக் கேளுங்கள்.

போன வாரம் தேவகுமாரியின் அம்மா இராசாத்தி பள்ளிக்கு வந்தாள். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள், மழைக்குத் தலையில் போட்ட சாக்குக் கொங்காணியைக்கூட அவிழ்க்கவில்லை. படம் வந்ததால் சண்டை போட வந்திருக்கிறாளோ என்று நினைத்தேன். மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிலோனில் அவள் அம்மா வேலை பார்த்த தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கிற களத்துக்குப் பெரட்டு என்று பெயராம். அங்கே பிந்திப் போனால் அரைநாள் கூலிதான், அதற்கு அரைப்பேர் என்பார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாள்.

"கங்காணி பிந்தி வந்தா அவருக்கு யாருங்க டீச்சர் அரைப்பேர் போட்டா? எங்க ஆத்தா செத்துப் போற வரைக்கும் இதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க நின்னத அது பாக்கலயேன்னு இருக்கு."

ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. முன்னால் தேவகுமாரியை ஏன் பிந்தினாய் என்று கேட்டால் "வயித்து வலி டீச்சர்" என்பாள். எல்லாப் பிள்ளைக்கும் வயிற்று வலிதான். இப்போது பக்கத்தில் நானும் நிற்கிறேன், என்னிடம் அவள் "ஏன் டீச்சர் பிந்திருச்சு?" என்று கேட்கிறாள். நான் பஸ் கதையைச் சொல்கிறேன். அவள் தன் கதையைச் சொல்கிறாள். அம்மா வெள்ளனே வேலைக்குப் போய்விடுவதால் தம்பிக்குக் கஞ்சி கொடுத்து, பால்வாடி திறக்கிற வரைக்கும் வாசலில் காத்திருந்து, விட்டுவிட்டு வருகிறாள். பால்வாடி ஆயாவிடம் பேசிக் கொஞ்சம் முன்னால் திறக்கச் சொன்னேன். இந்த வாரம் அவள் ஒருநாளும் மரத்தடிக்கு வரவில்லை. நான்தான் வந்தேன்.

மற்ற டீச்சர்களும் ஒவ்வொருத்தராக நிற்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் கேட்கவில்லை. சேனாதிபதி சார் மட்டும் வாசல் பக்கமே வருவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, பின்னால் காப்பிச் செடிக்குள் புகுந்து, கம்பி வேலியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார். மரத்தடியில் நிற்கிற பிள்ளைகள் அவர் தலை தெரிந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவர்களாகவே செய்கிறார்கள். கேலி செய்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியாமல்தான் என் மேல் புகார் எழுதிப் போட்டிருக்கிறார்.

தமயந்தி


பழனி
24.9.2006

அன்புத் தங்கைக்கு,

நீ என்னைக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதப் போவதில்லை. வயதில் மூத்தவனை அப்படிக் கேட்கக் கூடாது என்பது ஒன்று. மற்றது, இப்போது அதற்கு நேரமில்லை.

திண்டுக்கல் வரை போய் வந்தேன். சங்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலமாக உன் அதிகாரியைப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் மதியம் வரை காத்திருந்துதான் பார்க்க முடிந்தது. நல்ல மனிதர். உன்மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. பேப்பரில் வந்துவிட்டதால் ஏதாவது செய்தாக வேண்டும் என்கிறார். மூன்று வரி எழுதிக் கொடுத்தால் கோப்பை மூடிவிடுவதாகச் சொன்னார். நீ எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானே எழுதி, அவரிடம் ஒரு படி கொடுத்துவிட்டு, இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன்:

"மாணவர்களுடன் தண்டனை வரிசையில் நான் நின்றது தலைமையாசிரியர் பதவியின் மாண்புக்குக் குறைவான செயல் என்பதை உணர்கிறேன். அதற்காக மிகவும் வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன்."

கீழே ஒரு கையெழுத்து. வேறு ஒன்றும் வேண்டாம். அந்தப் பிள்ளைகள் மேல் உனக்கு அக்கறை என்றால் அவர்களோடு இருப்பதற்காகவாவது கையெழுத்துப் போடு. மாற்றி அனுப்பிவிட்டால் மரமும் இருக்கும், சட்டமும் இருக்கும், நீ மட்டும் இருக்க மாட்டாய். அண்ணனாகக் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ராஜமுருகன்


அய்யம்பாளையம்
1.10.2006

அண்ணனுக்கு,

எனக்காகப் பெஞ்சில் காத்திருந்தீர்கள் என்று படித்தபோது மனசு கேட்கவில்லை. என் அண்ணன் யார் வாசலிலும் உட்கார்ந்ததில்லை. அந்த அதிகாரி ஏன் பிந்தினார் என்று உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

நீங்கள் எழுதிய காகிதத்தை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். "அந்தப் பிள்ளைகளோடு இருப்பதற்காகவாவது" என்ற இடத்தில் ஆடித்தான் போனேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன், அண்ணா. அப்புறம் யோசித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போனால் பஸ் பிந்துகிற நாளில் நான் எந்த வழியாக உள்ளே போவது? வாசல் வழியாகப் போனால் தேவகுமாரி ஒதுங்கி வழிவிடுவாள். பின்வழியாகப் போனால் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டையும் என்னால் பார்க்க முடியாது. அங்கே இருப்பதற்காக எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்து என்ன செய்ய?

ஆகவே காகிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மைதான். பரீட்சைப் பேப்பருக்கு வாங்கினது. "குறைவான செயல்" என்பதில் "குறைவான" என்பதை அடித்து "உகந்த" என்று போட்டிருக்கிறேன். "வருந்துகிறேன்" தப்பு, "மகிழ்கிறேன்" என்று திருத்தியிருக்கிறேன். கடைசி வரியில் "நடக்காது" என்பதை வட்டம் போட்டு, பக்கத்தில் "நடக்கும்" என்று எழுதியிருக்கிறேன். பத்துக்கு இரண்டு மதிப்பெண். அதுவும் கையெழுத்து அழகுக்கு.

உள்ளாட்சித் தேர்தல் வேலை வந்துவிட்டதால் விசாரணையை நவம்பருக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதுவரைக்கும் எனக்கு நிற்க மரம் இருக்கிறது.

தமயந்தி


பழனி
8.10.2006

தமயந்திக்கு,

உன் திருத்தம் கிடைத்தது. என் இருபத்தைந்து வருஷ வேலையில் யாரும் என் எழுத்தில் சிவப்பு மையை வைத்ததில்லை. விளையாட்டு என்று நினைத்துச் செய்திருக்கிறாய். நான் அலைந்தது விளையாட்டில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். தீபாவளிக்கு வருவதானால் உன் மதினிக்காக வா. நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

ராஜமுருகன்


அய்யம்பாளையம்
19.11.2006

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். சொன்னதைக் கேட்கிற தங்கையாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. காலையில் முதல் மணிக்கு வருவதாக அதிகாரி தாக்கல் அனுப்பியிருந்தார். நான் முந்தின நாளே பெரும்பாறையில் தங்கிவிட்டேன். பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார்கள். ஒருத்தரும் பிந்தவில்லை. மரத்தடி காலி. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

மணி அடித்தது. வழிபாடு முடிந்தது. முதல் பீரியடில் பாதி போனது. அதிகாரியைக் காணோம். கடைசியில் ஜீப் வந்து நின்றது. மழையில் மண் சரிந்து வழியில் கிடந்ததாம். முன்சீட்டிலிருந்து அதிகாரி இறங்கினார். பின்சீட்டிலிருந்து சேனாதிபதி சார் இறங்கினார். புகார் கொடுத்தவர் என்பதால் வத்தலக்குண்டிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நான் வாசலுக்குப் போவதற்குள் தேவகுமாரி முந்திவிட்டாள். மாணவத் தலைவி என்ற முறையில் யார் வந்தாலும் வரவேற்பது அவள் வேலை. நான் சொல்லிக் கொடுத்து அவள் பேசியதாக அதிகாரி அறிக்கையில் எழுதியிருக்கிறார். சத்தியமாக இல்லை. கும்பிட்டாள், இந்தத் தடவை கை காலியாக இருந்தது.

"வணக்கம் சார். பிந்தி வந்தவுங்க இந்த மரத்தடியில நிக்கணுங்க சார். எங்க பெரிய டீச்சரும் நிப்பாங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விறுவிறு என்று அலுவலக அறைக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அது எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது சேனாதிபதி சாரை. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வகுப்பு ஜன்னலில் எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஜன்னலாகத் திரும்பியது. அதிகாரி உள்ளேயிருந்து "வாங்க சார்" என்று கூப்பிட்டார். இவர், "நான் பெறகு வாரேன் சார், நேரமாயிருச்சு" என்றார். சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய், புகார்க் கட்டு வைத்திருந்த தோல் பையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஜன்னலில் முகங்கள் திரும்பி வந்தன, அண்ணா. எல்லாரும் அவரை நேராகப் பார்த்தார்கள்.

பீரியடு முடிந்து உள்ளே வரும்போது என்னிடம், "உங்களுக்காக நிக்கல டீச்சர். உங்கள எனக்குப் பிடிக்காது" என்றார். பிடிக்க வேண்டாம் என்றேன். விசாரணையில் புகாரை அவர் திரும்ப வாங்கவும் இல்லை. நேர்மையான மனுஷன்.

அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்து மாறாமல் டைப் அடித்து வைத்திருந்தார்கள். கீழே கையெழுத்துப் போட இடம். முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார். "நீங்கள் பிந்தி வந்ததற்கு எனக்குக் காரணம் சொல்லவில்லையே சார்" என்றேன். இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லைதான். வாய் நிற்கவில்லை.

தமயந்தி


அய்யம்பாளையம்
3.12.2006

அண்ணனுக்கு,

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. நிர்வாக நலன் கருதி என்று போட்டிருக்கிறது. வடகவுஞ்சிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி. என்னைத் தொலைவாகத் தூக்கிப் போட்டதாக நினைத்திருக்கிறார்கள். பழனியிலிருந்து கொடைக்கானல் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பயப்படாதீர்கள், உங்கள் வீட்டுக்கு வந்து தங்க மாட்டேன். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துவிட்டேன்.

கடைசி நாளில் மரத்தடிச் சட்டத்தை எடுத்துவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். இனிமேல் யாரும் நிற்க வேண்டாம், பிந்தினால் காரணம் கேட்டு, முடிந்ததைச் செய்து கொடுப்போம் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். சேனாதிபதி சாரும் தலையை ஆட்டினார். பிள்ளைகளைக் கேட்டேன். தேவகுமாரி எழுந்து, பிள்ளைகளுக்கு வேண்டாம், டீச்சர்களுக்கு மட்டும் இருக்கட்டும் என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டம் யாருக்கும் இல்லை என்று முடிவானது.

மறுநாள் வெறும் ஆளாகச் சாமான் எடுக்கப் போனேன். பஸ் பிந்திவிட்டது. சேனாதிபதி சார் இறங்கி, வாசல் வழியாக நேராக வகுப்புக்குப் போய், பிள்ளைகளிடம் பஸ் ஏன் பிந்தியது என்று சொன்னார். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பாடத்தை எடுத்தார். நான் வெளியே நின்று கேட்டேன். நான் அங்கே இல்லாமலும் நடக்கும் என்று தெரிந்துவிட்டது. அழுகையாகவும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. இதை உங்களிடம் தவிர வேறு யாரிடம் சொல்ல?

தமயந்தி


பழனி
16.12.2006

அன்புத் தங்கை தமயந்திக்கு,

உன்னை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே எழுதுகிறேன். உன் மதினி இதைக் குத்திக்காட்டிவிட்டாள், நீயும் ஒருமுறை குத்திக்காட்டலாம்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஐயப்ப சாமிமார் கூட்டம் அடிவாரம் முழுவதும் நிரம்பி வழிகிறது. தாளாளர் மலைக்குப் போனவர் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் மைதானத்தில் நின்றார்கள். எப்போதும் மேடையில் நின்று அவர்கள் வரிசையைத்தான் பார்ப்பேன், நேற்று முகங்களைப் பார்த்தேன். அது உன் கடிதத்தால் வந்த வினை. ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் சரிந்து விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்தவளாம். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் குனிந்து தூக்கவில்லை. அசையக் கூடாது என்று இருபத்தைந்து வருஷமாக நான் கற்றுக் கொடுத்திருக்கிறேனே. என்னைப் பார்த்தார்கள், உத்தரவு கேட்டு.

நான் மேடையிலிருந்து இறங்கிப் போய்த் தூக்கினேன். திரும்பி வந்து வழிபாட்டைத் தொடங்கச் சொன்னேன். தமிழ்த்தாய் வாழ்த்து பாதியில் இருக்கும்போது தாளாளர் கார் வந்தது. பாட்டு நடக்கும்போது வெளிக்கதவைத் திறக்கக் கூடாது, யாராக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. நான் எழுதியதுதான். காவலாளி என்னைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன். இராமலிங்கம் ஐயா நெற்றி நிறைய விபூதியோடு, பாட்டு முடிகிற வரைக்கும் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றார்.

திங்கட்கிழமைக்குள் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் தலைமையாசிரியர் பதவியிலிருந்து என்னை இறக்குவார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. உன் மதினி, "எறக்கட்டும், நீங்க ஏறினப்ப மட்டும் என்ன கண்டோம்" என்கிறாள்.

நீ திருப்பி அனுப்பிய காகிதம் என் மேசையில்தான் இருந்தது. கிழிக்க மனம் வரவில்லை என்று அப்போது நினைத்தேன். அதையே எடுத்து, நடந்ததை மட்டும் மாற்றி, உன் திருத்தங்களோடு நல்ல தாளில் படியெடுத்துவிட்டேன். வழிபாட்டை நேரத்துக்குத் தொடங்கியது பதவியின் மாண்புக்கு உகந்த செயல் என்பதை உணர்கிறேன். அதற்காக மிகவும் மகிழ்கிறேன். இனியும் இவ்வாறு நடக்கும் என உறுதி கூறுகிறேன். கீழே கையெழுத்தும் போட்டாயிற்று. திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். எத்தனை மதிப்பெண் என்று எழுது.

இன்னொன்று கேட்க வேண்டும். பாட்டு முடிந்து மேடைப் படியில் இறங்கும்போது என் கால் நடுங்கியது. பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மரத்தடியில் முதல் நாள் நின்றபோது உனக்கு நடுங்கவில்லையா? நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

மதினி மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். சனி ஞாயிறுக்காவது வா.

ராஜமுருகன்


வடகவுஞ்சி
23.12.2006

அண்ணனுக்கு,

பத்துக்கு ஒன்பது. கடிதம் பிந்தி வந்ததற்கு ஒன்று குறைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வருகிறேன், மதினியை இலை போடச் சொல்லுங்கள். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் சண்டை.

நடுங்கியது, அண்ணா. அதனால்தான் குழம்பு வழிந்தது.

தமயந்தி